கரடிகள் வாழும் காட்டுக்கு இருவராகப் புறப்படுமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களிலோ கனடாவின் யூகான் பகுதியிலோ ஆளரவமற்ற ஒரு காட்டுக்குக் காரில் சென்று, சில இரவுகள் கூடாரத்தில் தங்கிவர நினைக்கும் தம்பதியர், எந்த வழியில் செல்வது என்று பார்ப்பதற்கு முன்பே ஒன்றைப் பேசி முடிக்க வேண்டும் என்பேன். நாள் முழுதும் வண்டி ஓட்டிக் களைத்துப்போன இரவில், மணமுள்ள பொருள்கள் அனைத்தையும் கூடாரத்திலிருந்து அகற்றும் பொறுப்பு யாருடையது? இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மற்றவர் செய்திருப்பார் என்று இருவருமே உறங்கிவிடக்கூடும்.

கரடியின் மோப்பத்துக்குச் சோறும் இறைச்சியும் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, முகப்பூச்சு, குப்பைப் பை எல்லாமே உணவுதான். எங்கள் முதல் பயணத்தில் உணவுப் பெட்டியைக் கவனமாகப் பூட்டிவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில்தான், உதட்டுத் தைலம் என் சட்டைப் பையிலேயே இருப்பதை என் மனைவி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, படுக்குமுன் ஒருவர் எடுத்து வைப்பதும் மற்றவர் சரிபார்ப்பதும் எங்கள் வழக்கமாயிற்று. சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் தள்ளியிருப்பது நல்லது.

காருக்குள் வைத்தால் போதுமா என்பது இடத்தைப் பொறுத்தது. யெல்லோஸ்டோன் பூங்காவில் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காருக்குள் உணவை வைக்கலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியிலோ, கறுப்புக் கரடிகள் கார்க் கதவை வளைத்துத் திறக்கப் பழகிவிட்டதால், இருட்டிய பின் காரில் உணவு வைக்கத் தடை உண்டு. அங்குள்ள இரும்புப் பெட்டிகளில்தான் வைக்க வேண்டும். ஆகவே, செல்லும் ஒவ்வொரு காட்டின் விதியையும் தனித்தனியே படித்துவிடுங்கள்.

கரடியை விரட்டும் மிளகாய்ச் சத்துத் தெளிப்பானை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது என்பதால், இறங்கிய ஊரிலேயே வாங்க வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒன்றல்ல, ஆளுக்கொன்று வாங்குங்கள். அது பைக்குள் இருந்து பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். சில மீட்டர் தொலைவுக்கே அது பாயும் என்பதால், பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றுவதற்கு இருவரும் முன்னரே பழகியிருக்க வேண்டும். கரடியை எதிர்பாராமல் கண்டால் ஓடக் கூடாது. இருவரும் நெருங்கி நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். ஒருவர் ஓட, மற்றவர் நிற்பதுதான் நான் மிகவும் அஞ்சும் நிலை.

கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும், குளிர்கால உறக்கத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் கரடிகள் நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கும். பழம் பழுத்த புதர்களின் அருகே கூடாரம் வேண்டாம்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூகானின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் சென்ற பிறகுதான் ஈகிள் பிளெயின்ஸில் பெட்ரோல் கிடைக்கும். அது சரளைச் சாலை வேறு. நல்ல நிலையிலுள்ள ஸ்டெப்னியும், அதை மாற்றத் தெரிந்த இருவரும் வேண்டும். கைப்பேசிக்குச் சிக்னல் இராது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

இறுதியாக, இருவரில் ஒருவர் திரும்பலாம் என்று சொன்னால் மற்றவர் காரணம் கேட்காமல் வண்டியைத் திருப்புவது என்று வீட்டிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். தங்கும் இடங்களையும், எந்த நாள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வணக்கம்.