மைக் தம்பிக்கு ஒரு பெயர் உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இளையோரைத் திருச்சபையில் நிலைநிறுத்துவது நிகழ்ச்சிகளா, தனிப்பட்ட உறவுகளா என்பது தலைப்பு. உறவுகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் முகாம், இசைக்குழு, விளையாட்டுப் போட்டி என்று பட்டியல் போட்டார். கேட்கக் கேட்க எனக்கே முகாமுக்குப் போகலாமா என்று தோன்றிவிட்டது. முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, அதற்கு அடுத்த நாள் சபையில் யாரிடம் பேசும்? அதைத்தான் கேட்கிறேன்.

ஆராதனை நேரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். மைக் 'கீ' என்று கத்தினால் மொத்தச் சபையும் திரும்பி அவனை முறைக்கும். கத்தாத நாளில் ஒருவரும் திரும்பமாட்டார். அவன் பெயர் 'மைக் தம்பி'. உண்மைப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். எதிரணிக் கணக்கில் அவன் 'ஊழியத்தில் ஈடுபடுத்தப்பட்ட வாலிபன்'! ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் அவன் பக்கத்தில் நின்று, ஒயரைச் சுற்றக் கை கொடுத்து, "இன்டர்வியூ என்னப்பா ஆச்சு?" என்று கேட்கட்டும். அது எந்த நிகழ்ச்சி நிரலிலும் வராது. ஆனால் அடுத்த வாரம் அவனை அழைத்து வருவது அதுதான். கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே புத்திமதியை ஆரம்பிக்காமல் இருக்க வேண்டும். அது பெரியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

வேதத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரம். துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் செய்கிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பிரசங்கத்தில் தூங்கிய வாலிபனைப் பற்றி அன்றே எழுதிவைத்துவிட்டார்கள், பாருங்கள்! பவுல் என்ன செய்தார்? "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று மேலேயிருந்து சொன்னாரா? பேச்சை நிறுத்தினார், இறங்கிப் போனார், அவனை அணைத்துக்கொண்டார். அப்புறம் மேலே ஏறிப்போய் விடியும்வரை பேசினார் என்பது வேறு விஷயம். இன்றைக்கும் எத்தனையோ பிள்ளைகள் சபையின் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். விழுந்தால் இறங்கிப் போக யார் இருக்கிறார்கள்?

அமைப்பு இல்லாமல் எதுவும் நிற்காது என்று சொல்லி, கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வை எடுத்துக்காட்டினார் எதிரணி அம்மையார். நல்ல உதாரணம், ஆனால் எங்களுக்கு! 1844-ல் லண்டனில் அதைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது வயது 22. துணிக்கடை ஊழியர். உடன் வேலை பார்த்த நண்பர்களோடு கூடி ஜெபித்ததிலிருந்து வளர்ந்தது அது. நட்பு முந்தி, அமைப்பு பிந்தி.

அமெரிக்காவில் லைஃப்வே ஆய்வு நிறுவனம் 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பதின்வயதில் புராட்டஸ்டன்ட் சபைக்கு ஒழுங்காகப் போனவர்களில் 66 சதவீதம் பேர், 18 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் ஒரு வருடமாவது போகாமல் விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டவர்களில் 29 சதவீதம் பேர், சபையில் உள்ளவர்களோடு ஒட்டுதல் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். படிக்க வெளியூர் போனதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியூர் போன பிள்ளைக்கு ஒரு போன் போட நிகழ்ச்சிக்குக் கை இல்லை, மனிதருக்கு உண்டு.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்கிறேன். தனிப்பட்ட பழக்கம் என்ற பெயரில் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரலாம் என்றார்கள். நியாயமான பயம். அதனால்தான் சொல்கிறோம்: பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேசுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக உட்காராதீர்கள். ரகசியம் கேட்கிற உறவு எங்கள் அணியிலேயே இல்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வி. உங்களைச் சபையில் நிற்கவைத்தது நிகழ்ச்சியா, ஓர் ஆளா? நிகழ்ச்சி என்றால் மேடையேறி அதன் பெயரைச் சொல்லுங்கள். ஆள் என்றால், எங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.