தாழ்ப்பாள் இல்லாத கதவை எந்த வீடும் பார்க்கவில்லை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், தூங்கிவிட்ட பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு இந்நேரம்வரை விழித்திருக்கும் ஊராருக்கும் என் வணக்கம். "பிள்ளைகளின் கல்விக்கும் நலனுக்கும் பெருந்துணையாவது பெற்றோரின் அக்கறையா, ஊரின் பங்கேற்பா?" என்னும் வழக்கில், ஊரின் பங்கேற்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், ஆகவே கணக்கு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது என்றார். பாட்டை இரண்டாம் அடியோடு நிறுத்திவிட்டு ஏன் இறங்கினார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்த 312ஆம் பாடலின் மூன்றாம் அடியில், 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்று உலைக்களத்திலிருந்து ஒருவர் எழுந்து வருகிறார். அவருக்கு அடுத்த அடியில் வேந்தனே வருகிறான். போருக்குப் போகும் மகனைப் பற்றிய பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையை ஆளாக்கும் பொறுப்பைப் பங்கு பிரிக்கும்போது, பெற்றோருக்கு இரண்டு அடியைக் கொடுத்துவிட்டு, உறவு எதுவுமில்லாத கொல்லனுக்கும் ஒரு முழு அடியை எழுதிவைத்த பாட்டு அது.

நான் பார்த்த ஒரு கொல்லரைப் பற்றிச் சொல்கிறேன். என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் மேலாண்மைக் குழு உறுப்பினர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏழாம் வகுப்பு அறையில், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து, குடிநீர்த் தொட்டியையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசி முடித்து, எழுந்திருக்கப் போகும் நேரம். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாய் தயங்கித் தயங்கி வாய் திறந்தார். மகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, சுருண்டு படுத்துக்கொள்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் நிற்கிறது, பிறகு மறுபடியும் வருகிறது என்றார். "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்று பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் வந்தது. மூன்றாவது குரல் என்னுடையது. என் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் போனபடியே மாலையில் நிறைந்து திரும்பும். "தண்ணீர் குடிக்காத பிள்ளை" என்று அவளை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

மூன்று பேரும் எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தோம். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்திருக்கிறார்கள். குழுவில் ஒரு மாணவனின் தந்தை இருந்தார். கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அன்று இருட்டுவதற்குள் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து பற்றவைத்துவிட்டார். அவருக்கு மகன் மட்டும்தான், மகள் இல்லை என்பதையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணியினரைக் கேட்கிறேன்: எங்கள் மூன்று வீட்டிலும் அக்கறைக்கு என்ன குறை? மாத்திரை வாங்கினோம், சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தோம், திட்டினோம், அழுதோம். ஆனால் ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையின் வலியைத்தான் பார்த்தது. மூன்று வலிகள் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் கதவு கண்ணில் பட்டது. பெற்றோரின் அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை; அந்த அக்கறை பக்கத்து வீட்டு அக்கறையோடு சேராதவரை, அதனால் எட்ட முடியாத இடங்கள் பல இருக்கின்றன என்பதுதான் என் வாதம்.

இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 'அதுவும் பெற்றோர்தானே' என்று எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். பெற்றோர்தான். ஆனால் அந்த அறைக்குள் நுழையும்போது அவர் தன் பிள்ளைக்கு மட்டும் தாயல்லர். பள்ளியில் படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் பேச உரிமை பெற்றவர். வீட்டுக்குள் இருக்கும்வரை அவருக்கு அந்த உரிமை இல்லை.

வீடே போதுமா என்று ஒரு சோதனை நடந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதங்கள் பிள்ளைகள் முழுக்க முழுக்க வீட்டின் பொறுப்பில் இருந்தார்கள். படித்த பெற்றோரும் தனியறையும் இணைய வசதியும் இருந்த வீடுகள் ஒருவாறு சமாளித்தன. ஒரே கைபேசி, அதையும் தகப்பனார் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடும் வீட்டில் பிள்ளை எழுத்தை மறந்தது. அந்தத் தகப்பனாருக்கு அக்கறை இல்லை என்று இந்த மேடையில் யாராவது சொல்லத் துணிவார்களா? அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தவர்கள் அந்தந்தத் தெருவில் வாழ்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர். பெயரில் 'இல்லம்' இருக்கிறது என்று எதிரணியினர் உரிமை கொண்டாட வேண்டாம்; இல்லத்தைத் தேடிப் போனது தெரு.

இது இன்று முளைத்த வழக்கமும் அன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் அரசின் பணத்தோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே சோறு வெந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் பக்கமே ஒதுங்காதவர்களும் அந்தக் கொடையாளர்களில் இருந்தார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு கூர்மையான கேள்வியை வைத்தார். அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. "ஊர் என்கிறீர்களே, சாதி பார்க்கும் ஊரை நம்பியா பிள்ளையை ஒப்படைப்பது?" என்றார். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, 2023இல், கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ண விடவில்லை என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். செய்தியை மறுபடி கவனியுங்கள். 'உண்ணாதே' என்ற கட்டளை வீட்டிலிருந்து வந்தது. 'சேர்ந்து உண்' என்ற பந்தி பள்ளியில் இருந்தது. அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டவர் மாவட்ட ஆட்சியர். ஊரில் சாதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாதியைப் பிள்ளையின் காதில் முதலில் ஓதும் இடம் பெரும்பாலும் வீடு. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் இடமும் வீடுதான். அந்தப் பெண்ணுக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்பது ஆசிரியராகவோ பக்கத்து வீட்டாராகவோ தோழியாகவோதான் இருக்க முடியும்.

கடைசியாக, குழுக்கள் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கின்றன, தீர்மானப் பதிவேட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. உண்மை, என் வீட்டுக்கும் அப்படி ஒரு பதிவேடு ஒருமுறை வந்திருக்கிறது, நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைய பக்கத்தில், சுற்றுச்சுவர்த் தீர்மானத்துக்குக் கீழே, தலைமையாசிரியரின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது, செலவு இல்லை.' அதன் கீழே பதினோரு கையெழுத்தும் இரண்டு கைநாட்டும். அந்தக் கைநாட்டுகளில் ஒன்று, முதலில் வாய் திறந்த தாயினுடையது. எங்கள் அணியின் சான்றாக அந்தப் பக்கத்தை நடுவர் முன் வைத்து அமர்கிறேன். வணக்கம்.