பாட்டிக்கு தெரிஞ்ச மரங்க

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குன்னு நம்ம ஊருக்கு பேர் வந்ததே பாக்கு மரத்தால, மலாய்ல பினாங்னா பாக்குதானே, ஆனா கோயில் ஹால்ல மரத்த பத்தி பேசுங்கன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது பாக்கு மரம் இல்ல, ரப்பர் தோட்டத்துல எங்க பாட்டிக்கு பால் வெட்ட ஒதுக்குன வரிசையில, அவங்க நெரையில, இருந்த பால்மரங்கதான்.

பாட்டி விடியுறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்னுட்டு நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு பால் வெட்டுற வெட்டுக்காட்டுக்குள்ள போவாங்க. எந்த மரம் மங்கு நெறைய, பால் புடிக்கிற கிண்ணம் நெறைய, பால் குடுக்கும், எது சண்டித்தனம் பண்ணும், எதுல யாரோ கத்திய ஆழமா எறக்கி, காயம் பட்ட எடத்துல பட்டை முண்டு முண்டா வளந்திருக்கு, எல்லாம் அத்துப்படி. அதுல ஒரு மரம்கூட அவங்க சொந்தம் கெடையாது. அந்த ரப்பரே பிரேசில் காட்டு மரம், 1876-ல விதையா லண்டனுக்கு போயி மறுவருஷம் கன்னா சிங்கப்பூர்ல வந்து எறங்குச்சு, அதுவும் கப்பலேறி வந்துச்சு, நாமளும் கப்பலேறி வந்தோம்.

தோட்டத்துல ஆலமரத்தடியில கல்ல நட்டு மஞ்சத்துணி கட்டிட்டா அது முனியாண்டி எடம், அப்புறம் எவனும் கோடாலிய தூக்க மாட்டான். அந்த பயபக்திய நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா துணி கட்டாத மரத்துக்கு யாருங்க இருக்கா?

எங்க பிளாட்டுக்கு பின்னாடி பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்னு நின்னுச்சு. சாயங்காலம் எலைய மடக்கிக்கும், அதனாலதான் மலாய்க்காரங்க அத அஞ்சு மணி மரம்னு சொல்றாங்க, மழை இருட்டிக்கிட்டு வந்தாலும் மடக்கிக்கும். கார் மேல எலை கொட்டுதுன்னு போன வருஷம் வெட்டிட்டாங்க. நான் வேலை முடிஞ்சு வந்து பாத்தா அடிக்கட்டைதான் இருந்துச்சு, ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல. அந்த நெழல்ல தேங்காப்பால் சோறு, நாசி லெமாக் வித்த அக்கா இப்ப அங்க வர்றதில்ல, சதுரங்கம் ஆடுன சீன தாத்தாங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குறாங்க, மத்தியானம் அந்தப் பக்கம் கால் வைக்க முடியல, அவ்ளோ சூடு.

1976-ஆம் வருஷத்து நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம்னு ஒன்னு இருக்கு, சட்டம் 172. சுத்தளவு 0.8 மீட்டருக்கு மேல இருக்கற மரத்த வெட்டணும்னா மாநகர் மன்றத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், பட்டுப்போன மரம், ஆபத்தா நிக்கிற மரம் இதுக்கெல்லாம் விலக்கு உண்டு. அன்னிக்கு எனக்கு இது தெரியாது, தெரிஞ்சிருந்தா அனுமதி கடுதாசி எங்கன்னு கேட்டிருப்பேன்.

பாட்டி மாதிரி ஆளுக்கு நாலு மரத்த நல்லா தெரிஞ்சு வெச்சிருக்கற ஒரு பிளாட்ட நெனச்சு பாருங்க, அங்க ஒரு கிளைய வெட்டுனாகூட அரைமணி நேரத்துல பத்து பேர் கீழ எறங்கி வந்து ஏன்னு கேப்பாங்க. எங்க பிளாட்ல இன்னும் ஏழு மரம் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம காலையில ஏழரைக்கு நான் கீழ நிப்பேன், தையல் டேப் இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, ஒவ்வொன்னா சுத்தளவு எடுத்து எழுதி வெச்சுடுவோம், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.