பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க முன்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரில் கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால், கச்சேரிப் பக்கம் மேசை போட்டுப் பெட்டிசம் அடித்துக் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தத் தமிழ் ரைப்ரைட்டர்கள் இப்போது எங்கே? பல, பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிட்டன. மிச்சம் யார் வீட்டுக் கட்டிலுக்குக் கீழோ கிடக்கின்றன. பத்து வருடமாக நான் தேடித் திரிவதும் திருத்துவதும் அவற்றைத்தான். இன்றைக்கு நான் வந்ததே ஒன்றைச் சொல்லத்தான்: உங்கள் வீட்டில் கிடப்பது அநேகமாகப் பழுதான இயந்திரம் இல்லை, ஒட்டிப்போன இயந்திரம்.

மூடியைத் திறந்து பாருங்கள். எழுத்துக் கைகள் எல்லாம் அரைவட்டமான ஒரு இரும்புச் சீப்பின் பற்களுக்கு நடுவே அசையும். இறுகுகிறதே என்று யாரோ ஒரு காலத்தில் அங்கே எண்ணெய் விட்டிருப்பார்கள், அந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து காய்ந்து பனம்பாகு மாதிரி ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர் வேறு, உப்புக்காற்று துருவையும் கூட்டிவிடும். பல் தூரிகையை டர்பன்டைனில் தொட்டு அந்த இடுக்குகளைத் தேய்த்து, விசையை அழுத்தி, திரும்பவும் தேய்த்து, இரண்டு மூன்று நாள் பொறுமையாக இருந்தால் கை தானாகவே திரும்பி விழத் தொடங்கும். அதற்குப் பிறகு அங்கே ஒரு சொட்டு எண்ணெயும் விடாதீர்கள். தின்னர் வேண்டவே வேண்டாம், அது பெயின்டைக் கொண்டுபோய்விடும்.

தமிழ் இயந்திரம் என்றால் எனக்குத் தனி மரியாதை. 247 எழுத்தை ஆங்கில இயந்திரத்தின் அந்தச் சில விசைகளுக்குள் அடக்க வேண்டுமே! அதைச் செய்து காட்டியவர் 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூருக்குப் போய் வாழ்ந்த ஆர். முத்தையா. அவர் அமைத்த விசைப்பலகையோடு இயந்திரங்கள் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தன. அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியை அடித்தால், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் நகராது, அப்படியே நிற்கும், அடுத்து ‘க’ அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழேயே போய் உட்காரும். கையால் எழுதும்போது க முதலில், புள்ளி பிறகு. இங்கே புள்ளிதான் முன்னுக்கு.

இதனால்தான் எந்த இயந்திரத்தைத் திருத்தினாலும் நான் முதலில் ‘திருக்கோணமலை’ என்று அடித்துப் பார்ப்பேன். ‘தி’யின் மேலே வளையும் விசிறியும், ‘க்’கின் புள்ளியும் இரண்டுமே அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். ஒரு தடவை புள்ளி, எழுத்துக்கு மேலே விழாமல் இடது பக்கமாகத் தனியே போய் விழுந்தது. ஒரு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், துரு எடுக்கும்போது நானே புள்ளி விசையின் நெம்புகோலை ஒரு மயிரிழை வளைத்திருக்கிறேன், அது கேரேஜை விடுவிக்கும் சட்டத்தில் போய் முட்டியிருக்கிறது. குறட்டால் மெல்ல நிமிர்த்தினேன், சரியாகிவிட்டது.

கேரேஜை இழுக்கும் பட்டி அறுந்திருந்தாலும் பயப்படத் தேவையில்லை. அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம், இங்கே மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் பின்னிய தூண்டில் நூல் வாங்கினால் போதும். சாதாரண தங்கூசி இழுபட்டுவிடும், பின்னிய நூல்தான் நிற்கும். காகிதம் சுற்றும் ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தால், அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடியுங்கள், எழுத்து தாளைக் குத்தாது. புதுப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி அலுமாரியில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. விரல் பட்டுப் பட்டு மழுங்கிய இடம் அப்படியே இருக்கட்டும், இயந்திரம் ஓடினால் போதும்.

இப்போது என் மேசையில் ஒரு தமிழ் ரெமிங்டன் இருக்கிறது. எல்லாம் துப்புரவாக்கியாயிற்று, மணியும் அடிக்கிறது. ஆனால் ‘ழ’ எழுத்தின் கை முறிந்து போயிருக்கிறது. தமிழ் என்றே அடிக்க முடியவில்லை. உங்களில் யாரிடமாவது அதே மாதிரி ஒன்று உண்மையாகவே உடைந்து கிடந்தால், தயவுசெய்து இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதிலிருந்து அந்த ஒரு ‘ழ’ எனக்கு வேண்டும்.