பருத்தி விதைக்கும் நாளை காய் வெடிக்கும் நாளிலிருந்து எண்ணுங்கள்

[திரையில்: மழை நீர் சொட்டும் பருத்திக் காய், நெருக்கமாக]

இந்தக் காய் வெடித்த மூன்றாம் நாளே மழையில் அகப்பட்டது. பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே விதை முளை விட்டிருக்கிறது. பூச்சி விழவில்லை, உரமும் குறையவில்லை. விதைத்த நாள்தான் பிழை.

குளிர்காலம் உள்ள நாடுகளில் மண் சூடேறும் வரை காத்திருந்து விதைப்பார்கள். ஏறக்குறைய 15 பாகை செல்சியஸுக்குக் கீழே பருத்தி வளராது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மண் அவ்வளவு குளிர்வதே இல்லை. இங்கே நாள் குறிப்பது மாரி மழை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டி, மாசியில் ஓய்கிறது.

[திரையில்: நாட்காட்டி, அம்புக்குறி பெப்ரவரியிலிருந்து பின்னோக்கி நகர்கிறது]

விதைத்த ஒரு வாரத்துக்குள் முளை வரும். 35 - 40 நாளில் மொட்டு, 60 நாளளவில் பூ. பூத்த பின் காய் வெடிக்க இன்னும் 50 நாள். ஆக 110 நாள். முதற்காய் பெப்ரவரி நடுவில் வெடிக்க வேண்டுமென்றால், ஒக்டோபர் கடைசி வாரத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும். நவம்பர் 10 வரை பொறுக்கலாம்.

செப்டம்பரில் அவசரப்பட்டால் அடைமழையில் பூக்கும். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகும், பூ உதிரும். தப்பிய காய் மரத்திலேயே அழுகும். டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் இளவேர் தேங்கிய நீரில் மூச்சுத்திணறும். பிழைத்த செடி காய் பிடிக்கும்போது மண் காய்ந்துவிடும்.

[திரையில்: விதையிலிருந்து நார் நீளும் வரைபடம்]

தரமும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாரும் விதைத்தோலிலிருந்து எழும் ஒரேயொரு கலம். பூத்த முதல் மூன்று வாரம் நார் நீளும். அப்போது நீர் குறைந்தால் நார் குட்டையாகும். அடுத்த வாரங்களில் சுவர் தடிக்கும். அதற்கு வெயிலும் பச்சை இலையும் வேண்டும். தடிக்காத நார் நூற்கும்போது முடிச்சு விழும், சாயமும் சீராக ஏறாது. நாரின் மென்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேயர் என்ற அளவில் 3.7 முதல் 4.2 வரை சிறந்தது, 3.5க்குக் கீழே முதிராத நார், 4.9க்கு மேல் முரடு. ஒக்டோபர் கடைசியில் விதைத்த செடிக்கு ஜனவரி ஈரத்தில் நார் நீளும், பெப்ரவரி வெயிலில் தடிக்கும். இந்தப் பொருத்தத்தை எந்த உரமும் தராது.

[திரையில்: மேட்டு நிலத்தில் வரிசை நடுகை]

பஞ்சு ஒட்டிய விதையைச் சாணக் கரைசலில் தேய்த்து நிழலில் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சிக்கும். வரிசைக்கு வரிசை 90 சென்றிமீற்றர், செடிக்குச் செடி 45. குழிக்கு மூன்று விதை, ஆழம் 3 சென்றிமீற்றருக்கு மேல் வேண்டாம். 20ஆம் நாளுக்குள் ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். நீர் தேங்கும் வயல் வட்டையில் மாரிக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். மேட்டு நிலத்திலும் வடிகால் வெட்டுங்கள்.

அயலவர்களும் அதே இரண்டு வாரத்துக்குள் விதைக்கட்டும். முன்பின்னாக விதைத்தால் காய்ப்புழு முந்திய தோட்டத்தில் பெருகிப் பிந்தியதற்கு வரும்.

கிணறு இல்லாதவர்கள் நவம்பர் 10 தாண்டினால் அந்த வருடம் பருத்தியை விட்டுவிடுங்கள். விதைத்தவர்கள், பனி காய்ந்த பிறகு பறியுங்கள். மழை பட்ட பஞ்சைத் தனிச் சாக்கில் போடுங்கள். ஒரு கைப்பிடி கலந்தாலும் முழுச் சாக்கின் விலையும் இறங்கிவிடும்.