பண்ணவாடித் துறையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

(சேலத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'கடல் மட்டம் உயர்வது கரையோர மக்களின் கவலையே! நம் எல்லோரின் கவலையே!' இரண்டாம் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணி ஐயா சொன்னார்: "சேலம் கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். இங்கே கடல் வர எத்தனை யுகம் ஆகும்? கரையில் இருப்பவர்கள் கவலைப்படட்டும். முடியாதபோது மேட்டுக்கு வரட்டும்." உயரக் கணக்கு சரிதான், ஐயா. அதோடு எனக்குச் சண்டை இல்லை. "மேட்டுக்கு வரட்டும்" என்று லேசாகச் சொன்னீர்களே, அதோடுதான் என் வழக்கு.

எனக்கு மேட்டூரை ஒட்டிய கொளத்தூர்ப் பக்கம். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்த ஊர் இன்று இல்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் அதுவும் ஒன்று. அப்போது அவருக்கு எட்டு வயது. அணையில் நீர் இறங்கும் கோடைகளில் எங்களைப் பண்ணவாடிப் பரிசல்துறைக்குக் கூட்டிப்போவார். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வந்து நிற்கும். பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரம் தெரியும். பிள்ளைகள் நாங்கள் நந்தியைப் பார்ப்போம். அம்மாயி வேறு பக்கம் கை நீட்டுவார். "அந்தா, அந்தத் திட்டுக்கு இந்தப் பக்கம் எங்க கெணறு. தண்ணி எளநி மாதிரி இருக்கும்." அறுபது வருசம் மேட்டில் வாழ்ந்தவர் அவர். கடைசிவரை தேடியது அந்தக் கிணற்றைத்தான். மேட்டுக்கு வருவது என்றால் என்னவென்று தெரிந்த மாவட்டம் நம்முடையது. நாமே இதைச் சொல்லலாமா?

அதுவும், கடல் அலையாகத்தான் வரும் என்று ஐயா நினைக்கிறார். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் உயர்ந்தது சராசரியாக 20 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. ஆனால் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்றம் முதலில் எங்கே தெரியும் தெரியுமா? குடத்தில்.

என் தங்கை, சித்தி மகள், வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக் கைப்பம்பில் தண்ணீர் அடித்து ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. பித்தளைக் குடத்தின் கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. கொல்லைக்குப் பின்னால் இருந்த வயலில் கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கிறது, கோலப்பொடி சிந்தியதுபோல. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதும் இதற்குக் காரணம், மறுக்கவில்லை. நல்ல தண்ணீர் கீழே இறங்க, கடல் மேலே ஏற, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அவள் குடம்.

இதில் சேலத்துக்கு என்ன பங்கு என்பீர்கள். மண்ணில் இருக்கிறது நம் பங்கு, நடுவர் அவர்களே.

டெல்டா என்பது காவிரி சுமந்து வந்து கொட்டிய வண்டல். அந்த மண் தன் பாரத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். வருசா வருசம் வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து அதை ஈடுகட்டியது. இன்று அந்த வண்டலில் பெரும்பங்கு மேட்டூரிலும் அதற்கு மேலே கர்நாடக அணைகளிலும் தங்கிவிடுகிறது. 2017 கோடையில் அணை வறண்டபோது நம் விவசாயிகள் டிராக்டர் டிராக்டராக அள்ளினார்களே கறுப்பு மண், அது கடைமடைக்குப் போயிருக்க வேண்டிய மண். அணை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதே டெல்டாவுக்குச் சோறு போடுவதும் இந்த அணைதான். ஆனால் கீழே நிலம் தாழ்கிறது, எதிரே கடல் உயர்கிறது. தாழ்வதில் நமக்குக் கை இருக்கிறது.

உயர்வதிலும் இருக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையம் 1,440 மெகாவாட். அந்த நிலக்கரிப் புகையோடுதான் நம் விசைத்தறியும் வெள்ளிப்பட்டறையும் ஓடுகின்றன. நம்மைப் போலவே உலகம் முழுக்க எரித்த எரிபொருளால் கூடிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. சூடேறினால் நீர் விரிகிறது. பனிமலைகளும் உருகிச் சேர்கின்றன. என் தங்கை வீட்டில் ஒரு பல்பு, ஒரு ஃபேன். எரித்தது யார், உப்புத் தண்ணீர் குடிப்பது யார்?

ஒடிசாவில் சாதபாயா என்று ஒரு ஊர்த்தொகுதி. கடல் ஒவ்வொரு ஊராக விழுங்க, எஞ்சியவர்களை பாகபாட்டியாவில் குடியமர்த்தினார்கள். துவாலு என்ற தீவு நாட்டில் சுமார் 11,000 பேர். 2023இல் ஆஸ்திரேலியா அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: ஆண்டுக்கு 280 பேர் வரை வரலாம். கணக்குப் பாருங்கள், ஐயா. கடைசி ஆள் கரை ஏற ஏறத்தாழ 40 வருசம். அதுவரை அவர் எந்தக் கிணற்றில் குடிப்பார்? நம் காவிரிக் கடைமடையிலோ அந்த ஒப்பந்தமும் இல்லை.

ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள். மதகில் பூத் தூவுவோம். மூன்று நாளில் அந்தத் தண்ணீர் கல்லணையைத் தொடும். பிறகு வாய்க்கால் வாய்க்காலாக என் தங்கை ஊர்ப் பக்கம் போகும். போய்ச் சேர்ந்தால் உப்பு சற்று விலகி நிற்கும். சேராத வருசம் அவள் குடம் கரிக்கும்.