கிப்பாஸைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. குழாய்ச் சத்தம் கேட்கிறது இல்லையா, பொறுங்கள், அடைத்துவிட்டு வருகிறேன்.

சரி. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தப் பக்கம் தெரிவது செம்பனைத் தோட்டம், இந்தப் பக்கம் டிரெய்லர் மேல் நம் படகு, 23 அடி, பின்னால் மாட்டியிருப்பது 150 குதிரைசக்தி அவுட்போர்டு இன்ஜின். தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடல் படகு என்று கேட்கிறீர்கள். கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங் இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். அங்கேயே தண்ணீரில் கட்டிப்போட்டால் அடியில் கொட்டலசு, ஓடு ஓடாக ஒட்டுமே அந்தச் சிறு கடல் உயிர், பிடிக்கும், உப்பு ஓயாமல் அரிக்கும், நமக்கோ வாரக்கணக்கில் தெரியாது. வீட்டில் நின்றால் தினமும் கண்ணில் படுகிறது, கையும் தானாகப் போகிறது. அதோடு நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கிழக்குக் கரையில் சில மாதம் படகை இறக்கவே கூடாது. பெரிய வேலையெல்லாம் எனக்கு அப்போதுதான்.

இன்று முக்கியமாகக் காட்டப்போவது ஒரே ஒரு விஷயம், கிப்பாஸ், அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் இன்ஜின் விசிறி. போன வருஷம் ரோம்பினில் ஒரு லாயாரான் மாட்டியது, மயில் மீன் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். படகுக்கு அடியில் பாய்ந்து போனதில் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, அறுந்துவிட்டது. மீன் போய்விட்டதே என்ற வருத்தத்தில் அறுந்த நரம்பு எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அது கிப்பாஸுக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்ற உள்ளே இறங்கி, உள்ளே எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் எண்ணெய்ச் சீலை (ரப்பர் அடைப்பு வளையத்தை) அறுத்திருக்கிறது. சில வாரம் கழித்து கியர் எண்ணெய்த் திருகைக் கழற்றினால் தே தாரேக், அதாவது பால் தேநீர் மாதிரி வெளுத்து ஊற்றுகிறது. எண்ணெய் அப்படி வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், வேறு பேச்சே இல்லை. ஒரு பட்டறையில் காட்டினேன், புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள் என்றார்கள், நானும் நம்பி இன்னும் இரண்டு முறை கடலுக்குப் போனேன். பேரிங் துருப்பிடித்து, இன்ஜினின் கீழ்ப்பாகத்தையே பிரிக்க வேண்டியதாகி, 3,000 மலேசிய வெள்ளிக்கு மேல் போனது. சீல் மட்டும் மாற்றியிருந்தால் அதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும். இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

அதனால் பாருங்கள், முதலில் பேட்டரியை அணைத்து, சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின், நட், வாஷர், அப்புறம் கிப்பாஸ் வெளியே. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், தண்டைச் சுற்றி ஏதாவது தெரிகிறதா? இன்று சுத்தம். ஒரு மயிரிழை நரம்பு இருந்தாலும் கொக்கியால் இழுத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் மாற்றும்போது கீழ்த் துளையிலிருந்து ஏற்றி மேல் துளையில் வழியும் வரை விடுங்கள், மேலே இருந்து ஊற்றினால் காற்று நின்றுவிடும். மேல் திருகை மூடிய பிறகுதான் கீழே.

டிரெய்லர் பற்றியும் ஒன்று. மெர்சிங் போகும் வழியில் கஹாங், ஜெமாலுவாங் தாண்டி ஓடி வந்த சக்கரம் நல்ல சூட்டில் இருக்கும், அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள் இழுத்துவிடும். என் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர், எங்கே நிறுத்தினாலும் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்ப்பார். நானும் மெர்சிங்கில் கோப்பி குடித்துவிட்டு, கை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகுதான் இறக்குகிறேன்.

கிப்பாஸ் வெளியே இருக்கும்போதே நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவிவிடுவேன், பதினைந்து நிமிடம். இந்த ரப்பர்க் காதுகளைத் தண்ணீர் இழுக்கும் இடத்தில் மாட்டி, முதலில் தண்ணீர், பிறகுதான் ஸ்டார்ட். திரும்பப் பூட்டும்போது தண்டுக்கு கிரீஸ் தடவி, ஸ்பிளிட் பின் மட்டும் புதிது போடுங்கள், பழையதை மடக்கி நிமிர்த்தினால் முறிந்துவிடும். சரி, குழாயைத் திறக்கிறேன், இனி நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது.